உறை

என் வேலை பூஜ்யம் எழுதுவது.

ஃபுஜைராவில், கடலைக் குடிநீராக்குகிற ஆலையில்
காலை ஏழு மணிக்கு மாதிரிப் புட்டிகள் வரும்.
வடிதாளில் நூறு மில்லி, தட்டு, இன்குபேட்டர்.
மறுநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணுவேன்.
எண்ண ஒன்றும் இருக்காது.
கோலிஃபார்ம்: பூஜ்யம். கையெழுத்து.
ஒன்பது வருஷமாக ஓர் ஊரே
என் பூஜ்யத்தைக் குடிக்கிறது.

கிளினிக் துபாயில்.
ஹஜர் மலையைக் குடைந்த சாலையில் ஒன்றரை மணி நேரம்.
பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் ஒட்டியிருப்பதால்
நர்ஸ் மெரிடெல் என்னை
"மிஸ்ஸிஸ் சங்கரபாண்டியன்" என்பாள்.
மாமனார் வந்துவிட்டதுபோல
இசக்கிமுத்து ஒவ்வொரு முறையும்
சட்டென்று எழுந்து நிற்பான்.

இரண்டு முறை வைத்தார்கள்.
முதல் தரக் கரு என்றார்கள், படம்கூடத் தந்தார்கள்.
இரண்டு முறையும் ரத்தம் எடுத்து
என் கையெழுத்தில்லாத ஒரு பூஜ்யம் அனுப்பினார்கள்.

மூன்றாவதற்கு முன்னால் டாக்டர் நிஸ்ரீன்
உள்சுவரில் ஓர் அரிசி முனையளவு கிள்ளியெடுத்து
எங்கோ அனுப்பினார்.
மூன்று வாரம் கழித்து வண்ண வட்டம் ஒன்று வந்தது.

"வெற்று அறை என்றுதான் நாங்களும் படித்தோம்.
இப்போது அப்படிச் சொல்வதில்லை.
அங்கேயும் குடித்தனம் உண்டு.
லாக்டோபேசில்லஸ் தொண்ணூறு இருந்தால் நல்லது என்கிறார்கள்.
உங்களுக்குப் பதினேழு."

பதினேழு.
சதவீதம், எண்ணிக்கை இல்லை, தெரியும்.
ஆனாலும் என் ஆலையில் பதினேழு என்றால்
வால்வுகளை மூடியிருப்பார்கள்,
என்னை இரவில் எழுப்பியிருப்பார்கள்.
கிருமி போதவில்லை என்று
என்னிடம் யாரும் சொன்னதில்லை.

"அப்போ அதனாலதானா?" என்றான் இசக்கிமுத்து.
டாக்டர் பேனாவை மூடினார்.
"இருக்கலாம்."
அதற்குமேல் அவர் சொல்லவில்லை,
பொய் சொல்லாத பெண்.

இருக்கலாம்.
இந்த நாட்டில் நானும்
இரண்டு வருஷத்துக்கொருமுறை புதுப்பிக்கிற
அந்த ஒரு சொல்லில்தானே இருக்கிறேன்.

பத்து நாள் மாத்திரை, கொல்வதற்கு.
அது எனக்குப் புரிந்த வேலை.
பிறகு இரவில் ஒன்றாகக் குப்பிகள், குடியேற்றுவதற்கு.
"தயிர் சாப்பிட்டா போதாதா டாக்டர்?"
அவர் சிரித்தார், நோகாமல்:
அதே வம்சம்தான், வேறு தெரு.

என்றாலும் அன்றிரவு பால் காய்ச்சினேன்.
வீட்டில் உறை இல்லை.
கடை லபனை ஊற்றினால் பால் பாலாகவே கிடக்கும்.
மூன்றாம் மாடி சூசம்மாவிடம் போனேன்.
"எந்துண்டு விசேஷம்?" என்பாள் எப்போதும்.
அவள் மொழியில் அது சும்மா ஒரு நலம் விசாரிப்பு.
என் மொழியில்தான் அதற்கு முள் இருக்கிறது.
ஒன்றுமில்லை என்றேன்,
ஒரு கரண்டி உறை மட்டும் வேண்டும்.
கிண்ணம் நிறையக் கொடுத்தாள்.

ஏசி அறையில் வைத்தால் ஆறிப்போகும்.
பால்கனியில் வைத்தால் இந்த ஆகஸ்டு
விடிவதற்குள் புளிக்க வைத்துவிடும்.
துண்டைச் சுற்றி, அரிசி டிரம்மின் மேல்,
அடுப்பங்கரைக் கதவைச் சாத்தி வைத்தேன்.
மலைக்கு அந்தப் பக்கம்
நைட்ரஜன் தொட்டியில் எங்களுடையவை இரண்டு
உறைந்திருக்கின்றன.
உறைந்தவை உறைய ஓரிடம்,
அந்த இடத்துக்கும் ஓர் உறை.
தூக்கத்துக்கு முந்தைய கிறுக்கு யோசனை,
டாக்டரிடம் சொல்ல முடியாது.

இரண்டு மணிக்குப் படுக்கையில் அவன் இல்லை.
அடுப்பங்கரையில், விளக்குப் போடாமல்,
டிரம் பக்கத்தில் நிற்கிறான்.

"திறக்காதே, ஆடினா உறையாது."
"திறக்கல."
"தொட்டியா?"
"துண்டைத்தான் தொட்டேன். வெதுவெதுன்னு இருக்கு."

நானும் போய்த் துண்டைத் தொட்டேன்.
ஏழு மணிக்குப் புட்டிகள் வந்துவிடும்.